கல் சுரந்த சாக்லேட் பால்

பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். "கல்பாலெல்லாம் எறங்குங்க" என்றார். பாதி பஸ் காலியானது. இறங்கியவர்கள் கையில் ஆளுக்கொரு சொம்பு. சொம்பு நிறையப் பசும்பால்.

பாலைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போனார்கள்.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். 1974ஆம் வருடம், தை முதல் பங்குனி வரை, மீனாட்சிபுரத்தில் இது நடந்தது. எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு மாடு கணக்கு வரும். காலையும் மாலையும் சொசைட்டி வாசலில் பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பாலைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பாலில்தான் ஏமாந்தோம்.

செங்கோட்டையன் சொசைட்டியின் பிரசிடெண்ட். அவருடைய தோட்டத்தின் மூலையில் ஒரு பழைய மோட்டார் ரூம் உண்டு. அதன் பின்னால் உப்புக் கிணறு. தண்ணீர் கரித்ததால் மாடுகூடக் குடிக்கவில்லை என்று மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். அந்த அறையில் ஒரு சாமியார் வந்து தங்கினார். மூன்றாம் நாள் கதவைத் திறந்து கையில் ஒரு பானையோடு வெளியே வந்தார்.

"பக்தகோடிகளே! பசுவின்றிப் பால்! காம்பின்றிப் பால்! தீயறியாப் பச்சைப் பால்! கல்பாலம்மன் சுரந்தருளிய கபில க்ஷீரம்!"

கல் சுரந்த பால். நிறம் வேப்பம்பட்டை. இனிப்பு. மாரியம்மன் நோம்பியில், திருவிழாக் கடையில் ஈயத்தாள் சுற்றி விற்பார்களே, அந்த சாக்லேட்டைக் கரைத்ததுபோல் ஒரு மணம். கபில க்ஷீரம் என்பது பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. அவர்கள் சாக்லேட் பால் என்றார்கள். பெரியவர்களும் ரகசியமாக அப்படியே சொன்னார்கள்.

அம்மனுக்கு விதிகள் இருந்தன. பாலை உச்சிப்பொழுதுக்குள் குடித்துவிட வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது, வைத்தால் கண் போகும். உறை ஊற்றக் கூடாது, ஊற்றினால் வம்சம் போகும். ஒரு சொம்பு பசும்பால் அபிஷேகத்துக்குக் கொடுத்தால் ஒரு சின்ன டம்ளர் அம்மன் பால் கிடைக்கும். அபிஷேகப் பால் எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. அது கைலாசம் போயிற்று. கேனில் ஏறி, காலை பஸ்ஸில், டீக்கடைகள் இருக்கும் திசையாகப் போயிற்று.

இன்னொரு விதி. பெண்கள் நாற்பதடி தள்ளி நிற்க வேண்டும். சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியின் வாயைப் பெண்கள் பக்கமாகத் திருப்பிப் பாட்டு வைத்திருந்தார்கள்.

கமலாத்தாள் அம்மனின் முதல் பக்தை. அவளே ஒரு நாள் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஏனுங்க சாமி, எங்களப் பாத்தா அம்மனுக்கு என்னங்க கோவம்?"

"கோபமில்லை தாயே. நாணம். பெண்டிர் பார்த்தால் சுரக்க மாட்டாள்."

"அம்மனும் பொம்பளைதானுங்களே?"

"அதுதான் தேவரகசியம்."

கமலாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புரியாத பதிலுக்குத்தான் எங்கள் ஊரில் மரியாதை அதிகம்.

ஆனால் எங்கள் ஊரை அப்படி ஒரேயடியாகக் குறைத்து எடைபோட வேண்டாம். நாங்கள் சோதனை செய்தோம். பால் ஊர் அல்லவா! செங்கோட்டையன் தலைமையில் மூன்று பேர் கமிட்டி. இரண்டாவது ஆள் குப்பண்ணன். மூன்றாவது சென்னிமலை.

சென்னிமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொசைட்டியில் பாலை அளந்து பார்ப்பவர் அவர்தான். பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் அவரிடம் இருந்தது. ஆனால் அவருக்கு அது வெறும் அலங்காரம். "ஒரு சொட்டு நாக்குல பட்டாப் போதும்" என்பார். "தண்ணி கலந்ததான்னு மட்டுமில்ல, எந்தக் கெணத்துத் தண்ணின்னே சொல்லிப்போடுவேன்." சொல்லியும் இருக்கிறார். இரண்டு பேர் அவமானப்பட்டு, கிணற்றை மாற்றிக்கொண்டார்கள்.

"சாமி தப்பா நெனைக்கக் கூடாதுங்க" என்றார் செங்கோட்டையன். "உள்ள வந்து ஒருக்காப் பாக்கோணுமுங்க."

"தாராளமாக" என்றார் சாமியார்.

பார்த்தார்கள். பானையை முகர்ந்தார்கள். குடத்துக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். சுவரைத் தட்டினார்கள். சாமியாரின் தலைப்பாகையை அவிழ்த்து உதறினார்கள். உள்ளே இருந்தவை இவைதாம்: பட்டு உடுத்திய கல்லம்மன். அம்மனுக்கு நைவேத்தியமாக ஊரார் கொடுத்த பச்சை நிலக்கடலையும் முந்திரிக் குருணையும், தண்ணீரில் ஊறியபடி. ஒரு குடம் தண்ணீர். சுவரோரம், கறுத்துக் காய்ந்து வளைந்த ஏதோ ஒரு காய், சாக்கு நிறைய. அது சித்தர் காயாம். வீட்டு நிலையில் கட்டினால் திருஷ்டி அண்டாதாம்; ஊரே வாங்கிக் கட்டியிருந்தது.

"பால் இருக்குதா?" என்றார் செங்கோட்டையன்.

"சொட்டுப் பால் இல்லீங்க" என்றார் சென்னிமலை.

"பால் பவுடரு?"

"அதும் இல்லீங்க."

மூவரும் வெளியே வந்தார்கள். சாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மணி அடித்தது. மணிச் சத்தத்துக்கு நடுவே கர்ர், கர்ர் என்று ஓர் உறுமல். அம்மன் உறுமுகிறாள்! கதவோரம் நின்ற மூன்று பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மணி நேரத்தில் கதவு திறந்தது. பானை நிறைய சாக்லேட் பால்.

பாலைத் தேடத் தெரிந்தவர்கள் பாலை மட்டும் தேடினார்கள். இல்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அதைச் சாமியார் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.

பால் சுரந்து முடிந்ததும் பிரசாதம். வெல்லம் சேர்த்துப் பிடித்த வெளிறிய உருண்டை. கடலை ருசி. "நைவேத்தியத்தின் சாரத்தை அம்மன் எடுத்துக்கொள்கிறாள், சக்கையை நமக்கு அருளுகிறாள்" என்றார் சாமியார். அந்த மூன்று மாதத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அது. அதைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை.

பங்குனியில் விஷயம் மாட்டுக்கு வந்தது.

பசுவில்லாமல் பால் வரும்போது பசு எதற்கு? சாமியார் இதைக் கேள்வியாகத்தான் கேட்டார். மாட்டுக்குத் தவிடு வேண்டும், புண்ணாக்கு வேண்டும், பருத்திக்கொட்டை வேண்டும். அம்மனுக்கு ஒன்றும் வேண்டாம். மாடு மட்டும் வேண்டும். கோதானம் செய்தால் ஏழு தலைமுறைக்கு வீட்டில் பால் வற்றாது. முதல் ஆளாகச் செங்கோட்டையன் ஒரு மாடு கொடுத்தார். இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள். மாடுகள் லாரியில் ஏறிக் கைலாசம் போயின. குப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கமிட்டி ஆள் அல்லவா! கூட்டத்துக்கு நடுவே எழுந்து, "வர்ற வெள்ளிக்கெழம என்ற செவலைய அம்மனுக்குக் குடுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். கை தட்டினார்கள்.

கைதட்டல் கோட்டுக்கு அப்பால் நின்ற பூவாத்தாளுக்கும் கேட்டது. பூவாத்தாள் அவருடைய மனைவி. செவலைக்குத் தீனி வைப்பவள், கழுவுபவள், கறப்பவள், சொசைட்டிக்குப் பால் சுமப்பவள். குப்பண்ணன் அதன் சொந்தக்காரர்.

அவர்களிடம் இருந்தது அந்த ஒரு மாடுதான். செவலையின் பாலில்தான் பெரிய மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். செவலை லாரி ஏறினால் அவளும் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்க வேண்டும்.

"ஏனுங்க, செவலையக் குடுத்துப்போட்டா பாலுக்கு எங்கீங்க போறது?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள் பூவாத்தாள்.

"அம்மன் குடுப்பா."

"அம்மன் ஒரு டம்ளரு குடுக்கறா. செவலை ஆறு லிட்டரு குடுக்குது."

"சாமி காரியத்துல குறுக்க பேசாத புள்ள. பிரசிடெண்டே குடுத்துட்டாரு."

"அவரு குடுத்தது பல்லுப்போன மாடு. அது கறவை நின்னு ரெண்டு வருசமாச்சுங்க."

"ஊருக்கு முன்னால சொல்லிப்போட்டேன். இனி மாத்திச் சொன்னா என்ற மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

"எப்பவும் வெச்சுக்கற எடத்துலதானுங்க."

குப்பண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை பூவாத்தாள் பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போனாள். நிலையில் சித்தர் காய் கட்டியிருந்த கயிறு வெறுமனே ஆடியது. செவலை கண்ணை மூடி எதையோ மென்றுகொண்டிருந்தது.

"அடி பாவி! அம்மன் காயடி அது!"

வாயில் கையை விட்டுப் பாதிக் காயைப் பிடுங்கினாள். செவலைக்குக் கோபம். இழந்த பாதிக்காக நாக்கை நீட்டிப் பூவாத்தாளின் கையையே நக்கியது. இதுவரை எந்தப் புண்ணாக்குக்கும் அது அப்படி அலைந்ததில்லை. பூவாத்தாள் காயைக் கழுவினாள். முகர்ந்தாள். தெரிந்த மணம்.

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஓரத்தைக் கடித்தாள்.

கொட்டை கல்லாக இருந்தது. சதை இனித்தது. மெல்ல மெல்ல நோம்பிக் கடை சாக்லேட்.

அவள் எட்டாவது வரை படித்தவள். சோதனைச்சாலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் அடுப்படி இருந்தது, வாயில் நாக்கு இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அன்றே வீட்டு நிலையில் தொங்கிய இன்னொரு காயை இடித்துக் கொட்டையை எடுத்துவிட்டுத் தூளாக்கி, செவலையின் பாலில் கலந்து குடித்துப் பார்த்தாள். இனிப்பு சரி. நிறம் சரி. ஆனால் பால் வாசம் வந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அம்மன் பாலில் பால் வாசம் கிடையாது. ஆடையும் படியாது. இருபது வருடமாகப் பால் கறக்கும் ஊர்ப் பெண்கள் இதை மூன்று மாதமாகக் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள், அம்மன் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கோட்டருகே வாங்கிய அம்மன் பாலைக் குடிக்காமல் மூடி வைத்தாள். உச்சிப்பொழுது தாண்டியது. அம்மன் ஒன்றும் செய்யவில்லை. பால்தான் இரண்டாகப் பிரிந்து, மேலே பழுப்புத் தண்ணீரும் அடியில் வெளிறிய கசண்டுமாக நின்றது. கசண்டை விரலில் எடுத்துத் தேய்த்தாள். நறநறவென்றது. விரலில் எண்ணெய் மினுங்கியது.

தினமும் சட்னி அரைக்கிற கைக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை பச்சைக் கடலையை ஊறவைத்து, காய்த்தூளோடு அரைத்து, தண்ணீர் விட்டுத் துணியில் பிழிந்தாள். கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் பச்சை வாசம் தூக்கலாக இருந்தது. அதில் கொஞ்சத்தை அடுப்பில் வைத்தாள். கண் போகவில்லை. பால்தான் கூழாகிப்போனது. ஏன் தீ காட்டக் கூடாது என்பது விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை கடலைத் தோலை நீக்கிவிட்டு, பாதிக்குப் பாதி முந்திரிக் குருணை சேர்த்தாள். தண்ணீரை அளவாக விட்டாள். மகளைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"அம்மா, இன்னிக்குச் சாமியாரு பாலு கெட்டியா இருக்குதே?"

"இன்னும் வேணுமா கண்ணு?" என்றாள் பூவாத்தாள். குரலில் ஒரு சந்தோஷம். அதை மறைக்கத் தெரியவில்லை.

குப்பண்ணனிடம் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் அவர் நம்ப மாட்டார். ஊர் சொன்னால் நம்புவார்.

வெள்ளிக்கிழமை மோட்டார் ரூமைச் சுற்றி எள் விழ இடமில்லை. செவலைக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். அது மாலையைத் தின்றுகொண்டிருந்தது. கைலாசம் போகும் லாரி பின்னால் தயாராக நின்றது. தமிழ்நாட்டு நம்பர்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் பூவாத்தாள் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் மூடிய தூக்குப்போசி.

"கயித்தக் குடு புள்ள" என்றார் குப்பண்ணன்.

"குடுக்கறனுங்க. அதுக்கு முன்னால எனக்கொரு வேண்டுதல் இருக்குதுங்க." அவள் குரலை உயர்த்தினாள். "ஏனுங்க சாமி! அம்மன் பாலாட்டவே வேறொருத்தரு பண்ண முடியுமுங்களா?"

சாமியார் சிரித்தார். "மூவுலகிலும் முடியாது தாயே."

"நான் பண்ணிக் கொண்டாந்திருக்கறனுங்க."

கூட்டம் சலசலத்தது. சாமியார் தூக்குப்போசியைப் பார்த்தார். மாட்டுப் பாலில் காப்பித்தூளைக் கலந்திருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, தாராளமாகக் கையை விரித்தார். "மூடரே ஆயினும் முயலட்டும்!"

"யாரு ருசி பாத்துச் சொல்றது?" என்றார் செங்கோட்டையன்.

"நம்ம சென்னிமலையண்ணன் இருக்கறாரே" என்றாள் பூவாத்தாள். "அவரு நாக்குக்குத் தெரியாத பாலு உண்டுங்களா? அண்ணன் சரியாச் சொல்லிப்போட்டா செவலையக் கைலாசத்துக்கே ஏத்திவுட்டர்றேன். தப்பாச் சொன்னா ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன்."

சென்னிமலை நெஞ்சை நிமிர்த்தினார். "அம்மிணி, வெளையாட்டுக்குப் போயி மாட்டத் தொலைச்சுக்காத."

கோட்டருகே நான்கு டம்ளர்கள் வந்தன. இரண்டின் அடியில் செங்கோட்டையனே குங்குமப் பொட்டு வைத்து, சாமியாரின் பானையிலிருந்து ஊற்றினார். பொட்டில்லாத இரண்டில் பூவாத்தாள் தன் போசியிலிருந்து ஊற்றினாள். இரண்டு பேர் ஒரு வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, கமலாத்தாள் நான்கையும் இடம் மாற்றி வைத்தாள். அம்மனின் முதல் பக்தை என்பதால் அவள் பேரில் யாருக்கும் சந்தேகமில்லை. வேட்டியை விலக்கினார்கள். நான்கும் ஒரே நிறம்.

சென்னிமலை வாயைக் கொப்பளித்தார். ஒவ்வொன்றாக ருசி பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். இரண்டு டம்ளர்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"இந்த ரெண்டும் அம்மன் பாலு. சந்தேகமே வேண்டாம். குடிக்கறப்பவே ஒடம்பு சிலுக்குது."

"அந்த ரெண்டும்?"

"த்தூ! போலி. தண்ணி வுட்டுருக்குது." நாக்கைச் சப்புக்கொட்டினார். தொழில் பெருமை அவரை நிறுத்தவிடவில்லை. "சும்மா தண்ணியுமில்லீங்க. கரிக்குது பாருங்க. உப்புக் கெணத்துத் தண்ணி!"

உப்புக் கிணறு சாமியாரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு சாமியாரைப் பார்த்தார்கள்.

செங்கோட்டையன் டம்ளர்களைத் தூக்கிப் பார்த்தார். போலி என்ற இரண்டிலும் குங்குமம். உடம்பு சிலிர்த்த இரண்டிலும் ஒன்றுமில்லை.

சென்னிமலை உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருடைய நாக்கு தவறே செய்யவில்லை.

சாமியார் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "ஆகா! அம்மன் இடம் மாறிவிட்டாள்! இந்த உத்தமியின் இல்லத்தில் எழுந்தருளிவிட்டாள்!"

அடுத்து நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கூட்டம் அப்படியே திரும்பியது. "தாயே! பூவாத்தாளம்மா!" என்று நூறு பேர் தரையில் விழுந்தார்கள். கமலாத்தாள் எங்கிருந்தோ கற்பூரத்தைக் கொண்டுவந்து ஏற்றினாள். குப்பண்ணன் மனைவியைக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கையைத் தூக்கி வைத்திருந்தார்.

"ஏ கமலாத்தா, எந்திரி" என்றாள் பூவாத்தாள். "நேத்துக் கோழி மேஞ்சதுக்கு என்ற கூடச் சண்டை புடிச்சவ நீ. இன்னிக்கு நான் தாயா? கையில எரியறத அணைச்சுப்போட்டுக் கேளு. பச்சைக் கடலை. முந்திரிக் குருணை. நீங்கெல்லாம் நெலையில கட்டியிருக்கறீங்களே, அந்தக் காயி. ஊறவெச்சு அம்மியில அரைச்சேன். துணியில புழிஞ்சேன். அவ்வளவுதானுங்க அம்மன்."

"அபச்சாரம்!" என்றார் சாமியார். "அரைத்தேனா? உள்ளே அம்மி உண்டா? கமிட்டியாரே சாட்சி!"

"ஆமாமா, நாங்க பாத்தமில்ல?" என்றார் செங்கோட்டையன். "அம்மியெல்லாம் ஒண்ணுமில்ல. அம்மன் மட்டுந்தான் இருந்தா."

"அம்மன் எப்படீங்க இருந்தா?" என்றாள் பூவாத்தாள்.

"எப்படின்னா... படுத்திருந்தா. இவ்வளவு நீளம். பலகையாட்டம் கல்லு. அதுக்கு மேல குறுக்க உருளையா இன்னொரு கல்லு. கீழ சக்தி, மேல சிவம்னு சாமி சொல்லுச்சு. நடுவுல கொஞ்சம் குழிஞ்சிருந்துச்சு, அது ஆயிரம் வருசமா அபிசேகம் பண்ணுனதுன்னு..."

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. சிரிப்பு வரிசையாகப் பற்றிக்கொண்டு போனது. ஆண்கள் பக்கம் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தினமும் காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவர்கள் புரண்டு படுக்கிறார்கள். கர்ர், கர்ர். அது எங்கிருந்து வருகிறது என்று எழுந்து வந்து பார்த்ததில்லை.

பெண்கள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார்கள். மூன்று மாதத்தில் முதல் தடவை. முதலில் உள்ளே போனவள் கமலாத்தாள். பட்டுச் சேலையை ஒரே இழுப்பில் உருவினாள். குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"அம்மி" என்றாள்.

பிறகு, மூன்று மாத பக்தியையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு, "உளி வெச்சுக் கொத்தி ஒரு வருசமிருக்கும். மொழுமொழுன்னு கெடக்குது. அதுதான் பாலு திப்பி திப்பியா இருந்துச்சா? கருமம், அரைக்கறதையாவது ஒழுங்கா அரைக்கப்படாதா?" என்றாள்.

பெண்களை ஏன் நாற்பதடி தள்ளி நிறுத்தினார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. அம்மனுக்கு நாணமில்லை. சாமியாருக்குப் பயம்.

சாமியார் லாரியைப் பார்த்தார். லாரி கிளம்பிவிட்டிருந்தது. அவரைச் சுற்றிப் பெண்கள். அவருடைய செந்தமிழ் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது.

"அடிச்சிராதிய தாயி! நான் சாமியுமில்ல, ஒண்ணுமில்ல. என் பேரு நல்லதம்பி. பீர்மேட்டுல பங்களா சமையக்காரன்."

"அந்தக் காயி ஏதுடா?" என்றார் செங்கோட்டையன்.

"அது கேரப்புன்னு வெளிநாட்டுக் காயிங்க. தொரையம்மாவுக்குப் பால் ஒத்துக்காது. குடிச்சா வயித்தால போவும். அதுக்குத்தான் அவுகளே இதச் சொல்லிக் குடுத்தாவ. பருப்ப ஊறப்போட்டு, இந்தக் காயோட அரைச்சு, பச்சையாவே குடிப்பாவ. ஏழு வருசம் தெனமும் அரைச்சேன். தொரை எஸ்டேட்ட வித்துட்டுச் சீமைக்குப் போயிட்டாரு. எனக்கு வேல போச்சு. மிச்சமிருந்த ரெண்டு சாக்குக் காய எங்கிட்டயே போட்டுட்டுப் போயிட்டாவ."

"அதுக்கு ஊர ஏமாத்துவியா?"

நல்லதம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மொதல்ல ஏமாத்தலய்யா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து, கடலைப் பாலு, பச்சைப் பாலு, ஒடம்புக்கு நல்லதுன்னு உள்ளதச் சொல்லித்தான் வித்தேன். ஒரு மாசம். ஒரு பய வாங்கிக் குடிக்கல. ஒரு நா வயித்தெரிச்சல்ல, இது சாமி பாலுன்னு சொன்னேன். சட்டியக் கழுவிக் குடிச்சிட்டுப் போயிட்டானுவ."

செங்கோட்டையன் பேச்சை மாற்றினார். "என்ற மாடு?"

"சந்தையிலங்க. அது ரொம்பக் கெழம். நான் குடுத்த லாரி வாடகைக்குக்கூடப் போவல."

பெண்கள் அவனை அடிக்கவில்லை. உள்ளே ஊறிக்கொண்டிருந்த கடலையைக் காட்டி, அம்மனுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு மிளகாயும் உப்பும் கொண்டுவந்தார்கள். அத்தனை பேருக்கும் சட்னி. கொத்தாத அம்மியில். கர்ர், கர்ர். அம்மனின் உறுமலை அன்று ஊரே கண் திறந்து பார்த்தது. போலீஸ் பொழுது சாயத்தான் வந்தது. அதற்குள் அவன் கை வீங்கிப்போயிருந்தது.

செவலையை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பூவாத்தாள் முன்னால் நடந்தாள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், குப்பண்ணன் அதைச் செவலையின் வாலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"ஏம்புள்ள, அந்தப் பாலு மிச்சமிருக்குதா?"

"இருக்குதுங்க. வேணுமின்னா நீங்களே அரைச்சுக்கலாம். அம்மி எங்க இருக்குதுன்னு காட்டறேன்."

பெரியவள் அந்த வருடம் பத்தாவது தேறினாள். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறுவாரமே கமலாத்தாள் பூவாத்தாளின் வீட்டுக்கு வந்து, அம்மிக்கு ஒரு முழம் பூ வைக்கட்டுமா என்று கேட்டாளாம். பக்கத்து ஊரில் ஒரு சாமியார் தலையில் நெருப்பு வைத்து டீ போடுகிறாராம். கண்டக்டர் இப்போது அந்த ஊர்ப் பெயரையும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊரில் முந்நூறு நிலைகளில் அந்தக் காய் தொங்கியது. எங்கள் வீட்டு நிலையிலும் ஒன்று. வக்கீல் வீட்டில் ஒன்று, வாத்தியார் வீட்டில் இரண்டு. மூன்று மாதம் காலையும் மாலையும் அத்தனை வீட்டு மனிதர்களும் அதைத் தொட்டுக் கும்பிட்டோம்.

அது என்னவென்று கடித்துப் பார்த்தது ஒரு மாடு.